தரை தொடாத குதிகால்

எனக்குக் குந்தி உட்கார வராது. பாதம் இரண்டையும் தரையில் முழுக்கப் பதித்து, முழங்காலை மடக்கி உட்காருவது எங்கள் கொரட்டூரில் பால்குடி மறக்காத குழந்தைக்கே வரும். எனக்கு மட்டும் குதிகால்கள் தரையை விட்டு எழும்பிக்கொள்ளும். விடாப்பிடியாக அழுத்தினால் மல்லாந்து விழுவேன். கெண்டைக்கால் சதையிலிருந்து குதிகாலுக்கு ஒரு கெட்டியான நரம்பு இறங்குகிறதே, அது எனக்குப் பிறவியிலேயே இறுக்கமாக அமைந்துவிட்டது. படித்தவர்கள் அதைத் தசைநாண் என்கிறார்கள். எங்கள் ஊரில் எல்லாமே நரம்புதான். நானும் நரம்பு என்றே எழுதப்போகிறேன். திருத்த நினைப்பவர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

இது ஒரு குறையா என்று நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள் கேட்பார்கள். பயிர் வேலையில் பாதி குந்திச் செய்கிற வேலை. களை எடுக்க வேண்டும், கதிர் அறுக்க வேண்டும், வேர்க்கடலை பொறுக்க வேண்டும். நான் கொஞ்ச நேரம் முன்பாதத்தில் தள்ளாடிவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு நிலம் நீச்சு எல்லாம் அண்ணன் பொறுப்பு. அந்த வீட்டில் நான் வேலைக்கு உதவாத வாய். "ஏரிக்குப் போயி கொக்கோட கொக்கா நில்லு, அதுங்களாவது ஒன்ன சேத்துக்கும்" என்பார் அண்ணன். கேலிதான். ஆனால் தினமும் கேட்டால் கேலியும் புளிக்கும்.

சாயங்காலம் ஆம்பிளைகள் எல்லாரும் ஏரிக்கரையில் வரிசையாகக் குந்திக்கொண்டு பேசுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். நிற்கிறவனோடு யாரும் அதிக நேரம் பேச மாட்டார்கள். ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள், இரண்டாம் முறை கழுத்து வலிக்கும், மூன்றாம் முறை நான் அங்கே இருப்பதே மறந்துபோகும். அப்புறம் நான் மெதுவாக நகர்ந்து கரையோடு நடப்பேன். யாரும் இல்லாத இடம் வந்ததும் ஓடுவேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் காரணம் தெரியாது. ஓடும்போது குதிகால் தரையில் படத் தேவையில்லை, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேகமாக ஓடுகிறேன் என்பதுகூடத் தெரியாது. பக்கத்தில் ஒருவன் ஓடினால்தானே அது தெரியும்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆவடியில் வயல்வெளியெல்லாம் ராணுவ முகாமின் கொட்டகைகளாக மாறின. பட்டாளத்துச் சாமான்கள் கூட்ஸ் வண்டிகளில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் கொரட்டூரில் ரயில் ஏறி ஆவடிக்குப் போய் வரிசையில் நின்றேன். பயிர் செய்கிற குடும்பத்துப் பிள்ளை மூட்டை தூக்கப் போகலாமா என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். தடுக்கிற அளவுக்கு நான் யாருக்கும் முக்கியமில்லை என்பது அன்றைக்கு உறைத்தது.

அங்கே பல ஊர் ஆட்கள். எங்கள் ஊரில் ஒரே பாதையில்கூட நடக்காதவர்கள் ஒரே வண்டியில் மூட்டை இறக்கினார்கள். மத்தியானம் சங்கு ஊதினால் எல்லாரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் வட்டமாகக் குந்தித் தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். தரை பூராவும் ஜல்லியும் கரித்தூளும் எண்ணெய்ச் சேறும். அதில் சம்மணம் போட்டால் எழுந்திருக்கும்போது வேட்டியைத் தனியாக உரிக்க வேண்டும். அதனால் நான் ஒரு வண்டியின் மேல் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டேன். மாதக்கணக்கில் அப்படித்தான். அந்த வட்டத்திலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காற்றடித்தது. மழைக்கு முன்னால் வருமே, மண்ணை வாரி இறைக்கிற காற்று. அரிசி மூட்டைகளின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் ஒன்று கட்டு அவிழ்ந்து பறந்தது. மேஸ்திரி கத்தினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் அதைத் துரத்தினோம். ஒருவன் நான். இன்னொருவன் காட்டுப்பாக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். குட்டையானவன், தொடை இரண்டும் உரல் மாதிரி இருக்கும். காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவன் கிளம்பிய வேகத்தைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றது. நான் முதல் எட்டு வைப்பதற்குள் அவன் எங்கேயோ போய்விட்டான். ஆனால் தார்ப்பாய் நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. பாதி தூரத்துக்கு மேல் என் கால்கள் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்ப ஆரம்பித்தன. ரயில் பாதை வேலிக்குக் கிட்டே அவனைத் தாண்டி, தார்ப்பாயின் மேல் குப்புற விழுந்து பிடித்தேன்.

அவன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்க என் காலையே பார்த்தான். "இந்தக் குச்சிக் கால வெச்சிகினு எப்புடி ஓடுனீங்க?" என்றான். தெரியாது என்றேன். இருவரும் தார்ப்பாயைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியில் கேட்டான்.

"தப்பா நென்ச்சிக்காதீங்க. நீங்க ஏன் நின்னுகினே துன்றீங்க? எங்களோட குந்துனா தீட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. கொரட்டூர் நிலக்காரன், கூலிக்கு வந்தும் கொழுப்பு அடங்காமல் தள்ளி நிற்கிறான் என்று ஒரு முகாமே பேசியிருக்கிறது. என்னை ஒதுக்கினார்கள் என்று நான் நினைத்தேன், நான் ஒதுக்குகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"எனுக்குக் குந்த வராது" என்றேன்.

"குந்த வராதா? கையி கால் நல்லா கீற மனுசனுக்குக் குந்த வராதா?"

நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் மரத்தடியில் எல்லார் எதிரிலும் குந்திக் காட்டச் சொன்னான். நானும் கையில் சட்டியோடு முயன்று பார்த்தேன். குழம்புச் சோறு மார்பில் கொட்ட, கால் இரண்டும் மேலே போக, மல்லாந்து விழுந்தேன். மரத்தடியே சிரித்தது. நான் முன்கோபக்காரன், வேறு நாளாக இருந்தால் சட்டியை எடுத்து எறிந்திருப்பேன். அன்றைக்கு நானும் சிரித்தேன். அவன் தன் சோற்றில் பாதியை என் சட்டியில் போட்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் 'நீங்க' போட்டுப் பேசவில்லை. அண்ணாத்தே என்பான், நீ என்பான்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் ஓடினோம். கொட்டகைகளுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட நேரான ரோடு ஒன்று இருந்தது. சாயங்காலத்தில் லாரி வராது. அவன் வாரம் பூராவும் கூலியாட்கள் கொட்டகையில் தங்குவான், ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்துக்கு அம்மாவைப் பார்க்க நடந்து போவான். எனக்கு ரயில் பிடிக்க அவசரம் இல்லை. யார் காத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான். கிளம்பும்போது அவன் முன்னால். கீழே குனிந்திருந்து எழும் அந்த முதல் சில எட்டுகளில் ஆளைத் தள்ளிக் கொடுப்பது தொடைச் சதையும் பிட்டச் சதையும். மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு அது இரும்பாக இருந்தது. நான் பின்னால் தத்தக்கா பித்தக்கா என்று வருவேன். ரோடு ஓரத்தில் ஒரு மொட்டைப் பனைமரம் நின்றது. அது கிட்டே வரும்போது உடம்பு நிமிர்ந்து வேகம் பிடித்திருக்கும். அதற்கு மேல் நான் என்னவோ முயற்சி செய்து ஓடுவதாக எனக்கே தோன்றாது. முன்பாதம் தரையில் பட்டதும் குதிகால் நரம்பு விண்ணென்று இழுத்து உடனே விடும், தரையே என்னை மேலே எறியும். பனைமரம் தாண்டி நாலு எட்டில் அவனையும் தாண்டிவிடுவேன். அவன் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே திட்டுவான்.

ஓடி முடித்து ரோட்டில் மல்லாந்து படுப்போம். அவன் என் காலைத் தூக்கிக் குதிகால் நரம்பை விரலால் சுண்டிப் பார்ப்பான். "ஒன் சதயில ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. எல்லாம் இந்தக் கயித்துலதான் கீது" என்பான். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வான்: "ஒருநாளு ஒன்ன நெசமா தாண்டணும். நீ முழு மூச்சா ஓடணும், நான் மின்னாடி போவணும். ஒரேயொரு தபா. அப்பால நான் ஓடவே தேவல."

என் வாழ்க்கையில் ஒருவன் என்னை இவ்வளவு பெரிதாக நினைத்தது அந்தச் சாயங்காலங்களில்தான். எனக்கு அது இனித்தது. வீட்டுக்குப் போகிற ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன்.

ஆனால் அவனுக்கு ஒரு குறை. நான் இன்னமும் நின்றபடியே சாப்பிட்டேன். தீட்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இருந்தாலும் ஒரு ஆள் மட்டும் வட்டத்துக்கு வெளியே நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. "ஒன்ன எங்களோட குந்த வெக்காம வுட மாட்டேன்" என்று கிளம்பிவிட்டான். விளக்கெண்ணெயைச் சுட வைத்து என் கெண்டைக்காலிலும் குதி நரம்பிலும் தேய்த்து நீவினான். வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்தான். பிறகு என் முன்பாதத்தைப் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி, நான் கத்தக் கத்த அப்படியே பிடித்துக்கொண்டிருப்பான். பயில்வான்களுக்கு இப்படித்தான் செய்வார்கள் என்று மரத்தடியில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இளகின உடம்புதான் வேகமாக ஓடும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. இறுகிக் கிடக்கிற காலே இந்த ஓட்டம் ஓடினால் இளகிய கால் எப்படி ஓடும் என்று அவன் கணக்குப் போட்டான். தன்னை ஜெயிக்கிறவனுக்குத் தானே எண்ணெய் தேய்த்தான். அவன் மனசு அப்படி.

நாளாக ஆகக் குதிகால் இறங்க ஆரம்பித்தது. முதலில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குந்தினேன், அப்புறம் மரத்தைப் பிடித்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில் முகாமில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். சிப்பாய்களுக்கு நிறையப் போட்டிகள், கூலியாட்களுக்கு ஒரே ஒரு ஓட்டம். அதில் முதலாவதாக வருகிறவனைப் பட்டணத்தில் நடக்கிற ஓட்டத்துக்கு அனுப்புவார்கள் என்றும், முகாமிலேயே ஸ்டோரில் நிரந்தர வேலை கொடுப்பார்கள் என்றும் மேஸ்திரி சொன்னான். அப்போது கங்காணிகள் ஊர் ஊராக வந்து அசாம் பக்கம் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். உள்ளூரில் நிரந்தர வேலை என்பது சும்மா இல்லை. அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவன் பேசியது வேலையைப் பற்றி இல்லை.

"துரைங்க எல்லாம் பாப்பாங்கோ. அன்னிக்கி நீ முழு மூச்சா ஓடித்தான் ஆவணும். அன்னிக்கி நான் தாண்டுனா அது நெசம்" என்றான்.

போட்டி நாளன்று காலையிலேயே வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் போட்டு, ஒத்தடம் கொடுத்து, பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் என்னைக் குந்த வைத்து, முழங்கால்களின் மேல் தன் இரண்டு கைகளையும் ஊன்றி முழு பாரத்தையும் போட்டு அழுத்தினான். குதிகால்கள் தரையைத் தொட்டன. அவன் கையை எடுத்தான். நான் விழவில்லை. மரத்தடி ஆட்கள் கை தட்டினார்கள். யாரோ டீ கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் தோளை உரசிக்கொண்டு குந்தியிருக்க, நானும் அவர்களில் ஒருவனாகக் குந்தி அந்த டீயைக் குடித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை மனிதர்களின் முகங்களை அந்த உயரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. ஓட்டத்துக்குக் கூப்பிடும் வரை எழுந்திருக்க மனசு வராமல் அப்படியே இருந்தேன்.

கோட்டில் நின்றோம். துப்பாக்கி வெடித்ததும் அவன் பாய்ந்தான். எனக்குக் கவலையே இல்லை, அவன் எப்போதும் பாய்கிறவன்தானே. மற்றவர்களைத் தாண்டி அவனுக்குப் பின்னால் வந்தேன். உடம்பு நிமிர்ந்தது. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்பாதத்தை ஊன்றினேன், தரை என்னை எறியவில்லை. ஈர மணலில் ஓடுகிற மாதிரி ஒவ்வொரு எட்டும் உள்ளே போய், தங்கி, பிறகு வெளியே வந்தது. சதை இழுக்கிறது, அந்த இழுப்பு பாதத்துக்கு வந்து சேரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ஓடினேன். அவன் முதுகு கிட்டே வரவே இல்லை.

நூலை அறுத்துக்கொண்டு போனவன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம்தான், நான் பார்த்தேன். நான் எவ்வளவு பின்னால் வருகிறேன் என்று கண்டதும் அது போய்விட்டது. கொஞ்ச தூரம் பின்தங்கியிருந்தால் நம்பியிருப்பான். நான் வெகுவாகப் பின்தங்கியிருந்தேன்.

ஆட்கள் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "நெலக்காரரு பாத்து வுட்டாரு, ஒனக்கு யோகம்டா" என்றான். விளையாட்டுக்குச் சொன்னான். ஜெயித்தவன் ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வுட்டுக்குட்த்தியா?"

"இல்ல."

"அப்ப இன்னா ஆச்சி?"

"தெரில. காலு வரல."

"தெனம் தாண்டுற காலு இன்னிக்கி வரலையா?"

எனக்கே தெரியாது. நோவு இல்லை, சுளுக்கு இல்லை, தடுக்கவும் இல்லை. "சத்தியமா தெரில" என்றேன். கேட்க எனக்கே பொய்யாகத்தான் இருந்தது.

அவன் ஒரு எட்டு பின்னால் போனான். "எங்க ஊட்டுல தலமொற தலமொறயா நீங்க போட்டத வாங்கித் துன்னோம்" என்றான். "இது ஒண்ணாவது நானா எடுத்துக்கலாம்னு பாத்தேன். இதயும் போட்டுட்டீங்க." அவன் பேச்சில் மறுபடியும் 'நீங்க' வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை கூலியாட்கள் கொட்டகைக்குப் போனேன். விடியும்போதே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். இரண்டு நாளில் கோபம் தணிந்து வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. காட்டுப்பாக்கம் ஒன்றும் சீமையில் இல்லை, போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? காலு வரல என்பதையே இன்னொரு தடவை சொல்லவா? கையில் காரணம் இல்லாமல் அவன் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மரத்தடியில் இப்போது எனக்கு இடம் இருந்தது. கால் சில நாளில் பழையபடி இறுகப் பார்த்தது. நான் விடவில்லை, தினமும் எண்ணெய் போட்டு நானே அழுத்தி இறக்கினேன். அவன் செய்த ஒரு காரியமாவது நிலைக்கட்டும் என்று. வட்டத்தில் குந்திச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேசினார்கள், நானும் பேசினேன். ஆனால் அந்த ரோட்டுப் பக்கம் போகவே இல்லை. தனியாக ஓடுவது எனக்குப் பழக்கம்தான். துணையோடு ஓடிப் பார்த்துவிட்டுத் தனியாக ஓட முடியவில்லை.

மூட்டை வேலை குறைந்ததும் என்னை முகாம் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலைக்குப் போட்டார்கள். கட்டுத்துணி துவைப்பது, வெந்நீர் வைப்பது, நடக்க முடியாதவர்களைத் தாங்கிப் பிடிப்பது. யுத்தம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்தேன். ஒரு நாள் சிப்பாய் ஒருவன் ஓட்டப்பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி, வெந்நீரில் காலை ஊற வைத்து, படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே தொங்கவிட்டு நின்றுகொண்டே இருந்தான். அந்தப் பக்கம் வந்த டாக்டர், சிடுசிடுப்பான இளம் மனுஷர், நின்று திட்டினார்.

"ஓடப்போற நேரத்துல நரம்ப இப்படி இழுத்து இழுத்துத் தளர்த்தினா அப்புறம் எங்கேருந்து வேகம் வரும்?"

வாளியைக் கீழே வைத்தேன். அவர் பின்னாலேயே போனேன். ஓட்டத்துக்கு இறுக்கமான நரம்பு நல்லதா என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார். சதை மாடு, நரம்பு கயிறு. கயிறு தொய்ந்திருந்தால் மாடு இழுக்கிற முதல் இழுப்பெல்லாம் கயிற்றை நிமிர்த்தவே சரியாகிவிடும், வண்டி அப்புறம்தான் நகரும். வேகமாக ஓடுகிறவன் பாதம் தரையில் இருப்பது கண்ணிமைக்கிற நேரம், அதற்குள் இழுபட்டு உடனே திருப்பித் தருவது விறைப்பான நரம்புதான். இவ்வளவுதான் சொன்னார். நான் என் கதையைச் சொன்னேன். எவ்வளவு நேரம் மடக்கிப் பிடித்தான் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஓட்டத்துக்கு முன்னாடியே காலைத் தூங்க வெச்சிட்டீங்க. அதுதான் முழுக் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதுவா இருக்கும்."

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி ரோட்டில் காட்டுப்பாக்கத்துக்குப் போனேன். வழி பூராவும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். மாடு, கயிறு, விளக்கெண்ணெய், ஒத்தடம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். கேட்டுவிட்டு முதலில் முறைப்பான், பிறகு என் குதிகாலைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிறகு திரும்ப ஓடிப் பார்க்கலாம்.

சேரியில் விசாரித்ததும் ஒரு கூரை வீட்டைக் காட்டினார்கள். அவன் அம்மா வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அதே குட்டை உடம்பு, அதே அகல முகம். அவன் இருக்கிறானா என்று கேட்டேன்.

"நீதான் கொரட்டூர் நைனாவா?" என்றாள். "அவன் பூட்டான் நைனா. அசாமு பக்கம் ரோடு போட போறன்னு போனான். அங்கியே காய்ச்சல் கண்டு செத்துப் பூட்டான்னு கூடப் போனவங்க வந்து சொன்னாங்கோ."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளே பேசினாள். பட்டணத்துக்கு ஓட வரச்சொல்லி முகாமிலிருந்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்களாம். போக மாட்டேன் என்றுவிட்டானாம். "இன்னாடா, ஜெயிச்சிட்டு ஏண்டா போவ மாட்டேன்றேன்னு கேட்டேன். நான் ஜெயிக்கல, ஒருத்தரு போட்டாருன்னான். இங்க கீறவங்களும் அதையே சொல்லிச் சொல்லி சிரிச்சாங்கோ. அதுக்கு மேல அவன் ஊருல நிக்கல." ஒடித்த சுள்ளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ நெசமாவே வுட்டுக்குட்த்தியா நைனா?"

"இல்லம்மா. முழு மூச்சாத்தான் ஓடுனேன். சத்தியமா."

"அப்ப எம்புள்ள ஒன்ன நெசமாத்தான் ஜெயிச்சானா?"

அடுக்கி வைத்த அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் நான் பொய்யன் இல்லை என்று ஆகும். ஆனால் அவன் எண்ணெய் தேய்த்துத் தளர்த்திய காலைத்தான் அவன் ஜெயித்தான் என்றும் ஆகும். அவள் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் ஜெயிச்சான்" என்றேன். "நான் எவ்ளோ ஓடியும் அவன புடிக்க முடியல."

அவள் எழுந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேட்டுக்கினியா, இவரே வந்து சொல்றாரு. எம்புள்ள நெசமாத்தான் ஜெயிச்சானாம்." அந்த வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளிடம் நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வீட்டிலும் சொன்னேன்.

திரும்பி வரும்போது ரோட்டில் வண்டி எதுவும் இல்லை. அந்தக் காரணத்தைக் கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை. இனி வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னால் அது காட்டுப்பாக்கத்துக்குப் போய்ச் சேரும் என்று பயம். அவள் இருந்த வரை சொல்லவில்லை. ஓட்டத்தன்று நான் அவனுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் வீட்டு வாசலில்தான் விட்டுக்கொடுத்தேன். தெரிந்தால் என்மேல் மறுபடியும் கோபப்படுவான். வந்து கோபப்பட்டால் தேவலை.